தராசைப் பிடிக்கும் கை

அமெரிக்காவில் உழைக்க முடியாதோர் மனுக்களும், அவற்றைப் பரிசீலிப்போர் படும் பாடும்

தராசு நல்ல தராசாக இருக்கலாம். படிக்கல்லும் சரியான எடையாக இருக்கலாம். ஆனால் தராசைப் பிடிக்கும் கை நடுங்கினால் நிறுவை சரியாக இருக்குமா? இராது. சந்தைக்குப் போய் வரும் எந்தக் குடும்பத் தலைவிக்கும் இது தெரியும்.

சட்டமும் ஒரு தராசுதான். அதை எழுதுகிறவர்கள் பெரிய மண்டபங்களில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். அதைத் தினந்தோறும் கையில் பிடித்து நிறுக்கிறவர்களோ, பெயர் தெரியாத அலுவலகங்களில் உட்கார்ந்திருக்கும் சாதாரண உத்தியோகஸ்தர்கள். அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர்கள் கை ஓய்ந்து போனால் என்ன ஆகும் என்பதற்கு இன்றைய அமெரிக்கா ஓர் எடுத்துக்காட்டு.

அமெரிக்கா பணக்கார நாடு. அங்கே நோயாலோ விபத்தாலோ உழைக்க முடியாமல் போனவர்களுக்கு மாதாமாதம் உதவிப் பணம் கொடுக்கச் சட்டம் இருக்கிறது. கொடுக்கப் பணமும் இருக்கிறது. ஆனால் "இவர் உண்மையிலேயே உழைக்க முடியாதவர்தானா?" என்று பார்த்து முடிவு சொல்லும் உத்தியோகஸ்தர்கள் வேலையை விட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். 2022-ஆம் ஆண்டில் மட்டும், அந்த வேலையில் இருந்தவர்களில் ஏறத்தாழ 4 பேரில் ஒருவர் விலகிவிட்டார்!

நாலு கால் கட்டிலில் ஆண்டுக்கு ஒரு கால் கழன்று விழுந்தால் அதில் யார் நிம்மதியாகப் படுக்க முடியும்?

சட்டம் பிறந்த கதை

1935-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் தேதி, ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு சிறு தொகை பிடிக்கப்படும். முதலாளியும் அதே அளவு கட்டுவார். தொழிலாளிக்கு வயதான பிறகு பென்ஷன் கிடைக்கும். இதுதான் ஏற்பாடு.

வயதான பிறகு சரி. வயதாவதற்கு முன்பே கை கால் விழுந்துவிட்டால்? அதற்கு அந்தச் சட்டத்தில் வழி இல்லை. வழி பிறக்க 21 ஆண்டுகள் ஆயின.

அமெரிக்கப் பார்லிமெண்டுக்குக் காங்கிரஸ் என்று பெயர். அதன் மேல் சபை செனட். உழைக்க முடியாதோருக்குப் பணம் கொடுக்கும் திருத்தம் 1956-இல் செனட் சபைக்கு வந்தபோது கடும் போட்டி. ஆதரவாக 47 வாக்குகள். எதிராக 45 வாக்குகள். இரண்டே வாக்கில் திருத்தம் பிழைத்தது! ஜனாதிபதி ஐசன்ஹோவர் அதே ஆண்டு ஆகஸ்டு முதல் தேதி கையெழுத்திட்டார். முதலில் 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டுமே பணம் என்றார்கள். 1960-இல் அந்த வயது வரம்பும் எடுக்கப்பட்டது. 1972-இல் வேறொரு சட்டம் வந்தது. வேலை செய்து பணம் கட்டியிராத ஏழைகளில், உழைக்க முடியாதவர்களுக்கும் ஊனமுற்ற குழந்தைகளுக்கும் உதவ அது வழி செய்தது. 1974 ஜனவரி முதல் அந்தப் பணமும் வழங்கப்படுகிறது.

அப்போதே ஒரு கேள்வி எழுந்தது. யார் உழைக்க முடியாதவர் என்று முடிவு செய்வது யார்? மத்திய சர்க்கார் டாக்டர்களின் விஷயத்தில் தலையிடுவதை அமெரிக்க மருத்துவர் சங்கம் விரும்பவில்லை. ஆகவே ஒரு சமரசம் செய்தார்கள். பணம் கொடுப்பது மத்திய சர்க்கார். முடிவு சொல்வது அந்தந்த ராஜ்யத்தின் அலுவலகம். 50 ராஜ்யங்கள், தலைநகர் வாஷிங்டன், போர்ட்டோ ரிக்கோ தீவு என்று 52 இடங்களில் இந்த அலுவலகங்கள் நடக்கின்றன. அங்கே உட்கார்ந்து மனுக்களை ஆராய்கிறவர்களைப் பரிசீலகர்கள் என்று சொல்லலாம்.

அன்று செய்த சமரசம் இன்றைய தொல்லைக்கு ஒரு வேராக இருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

ஐந்து கேள்விகள்

பரிசீலகரின் வேலை என்ன? ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். கூரை போடும் தொழிலாளி ஒருவர். வயது 52. கூரையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்துவிட்டது. மனுப் போடுகிறார். அவருடைய மனு ஐந்து கேள்விகளைத் தாண்ட வேண்டும்.

முதல் கேள்வி: இப்போது வேலை செய்து சம்பாதிக்கிறாரா? 2025-ஆம் ஆண்டுக் கணக்குப்படி மாதம் 1,620 டாலருக்கு மேல் சம்பாதித்தால் மனு அங்கேயே தள்ளுபடி. கண் பார்வை இல்லாதவர்களுக்கு மட்டும் வேறு கணக்கு.

இரண்டாம் கேள்வி: நோய் கடுமையானதா? அது 12 மாதமாவது நீடிக்குமா, அல்லது உயிரைக் கொண்டுபோகக் கூடியதா?

மூன்றாம் கேள்வி: சர்க்கார் வெளியிட்டிருக்கும் நோய்ப் பட்டியலில் உள்ள கொடிய நிலைகளில் ஒன்றுக்கு இது சமமானதா? ஆம் என்றால் மனு வெற்றி.

நான்காம் கேள்வி: பட்டியலில் இல்லையென்றால், முன்பு செய்த வேலையை இப்போது செய்ய முடியுமா? முன்பெல்லாம் கடந்த 15 ஆண்டு வேலைகளைப் பார்த்தார்கள். 2024-இலிருந்து கடந்த 5 ஆண்டு வேலைகளை மட்டும் பார்த்தால் போதும் என்று குறைத்தார்கள்.

ஐந்தாம் கேள்விதான் கடினமானது. பழைய வேலை முடியாது, சரி. நாட்டில் வேறு ஏதாவது வேலை செய்ய முடியுமா? வயது, படிப்பு, அனுபவம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 50 வயதைத் தாண்டியவரிடம் சட்டம் சற்று இரக்கம் காட்டுகிறது. 30 வயதுக்காரரிடம் காட்டுவதில்லை.

"வேறு வேலை" எது என்று பார்க்க ஒரு பெரிய தொழில் அகராதி உண்டு. அது கடைசியாகத் திருத்தப்பட்டது 1991-இல்! கொட்டைகளைத் தரம் பிரிக்கும் வேலை முதலான எத்தனையோ பழைய வேலைகள் அதில் இருக்கின்றன. கடைசியில் 2024-இல்தான், காலம் கடந்துபோன 114 வேலைகளைக் காட்டி மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று ஏற்பாடு செய்தார்கள்.

இந்த ஐந்து கேள்விகளுக்கும் விடை தேடுவதே பரிசீலகரின் தினசரி வேலை. விதிகளோ மலை போல இருக்கின்றன. அவை அடிக்கடி மாறுகின்றன. புதிதாகச் சேருகிறவர் வேலையில் முழுத் தேர்ச்சி பெற ஏறத்தாழ 2 ஆண்டு ஆகும்.

முகம் பாராமல் ஒரு முடிவு

பரிசீலகர் பொதுவாக மனுதாரரை நேரில் பார்ப்பதில்லை. அவர் பார்ப்பது காகிதம்தான். இப்போது காகிதம் கம்ப்யூட்டர் திரைக்குள் போயிருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

மனு வந்ததும் அவர் ஆஸ்பத்திரிகளுக்கும் டாக்டர்களுக்கும் எழுதிக் குறிப்புகளைக் கேட்க வேண்டும். சிலர் உடனே அனுப்புவார்கள். சிலர் மாதக்கணக்கில் அனுப்பமாட்டார்கள். மறுபடி எழுத வேண்டும். மறுபடி டெலிபோன் செய்ய வேண்டும். குறிப்புகள் போதவில்லை என்றால், சர்க்கார் செலவிலேயே மனுதாரரை வேறொரு டாக்டரிடம் அனுப்பிப் பரிசோதிக்க வேண்டும். பிறகு வருகின்ற குறிப்புகள் நூற்றுக்கணக்கான பக்கங்களாக இருக்கும். எக்ஸ்ரே முடிவு, ரத்தப் பரிசோதனை, அறுவை சிகிச்சைக் குறிப்பு, மனநல டாக்டரின் குறிப்பு... எல்லாவற்றையும் படித்து, அலுவலக டாக்டரோடு கலந்து, "இவரால் எத்தனை ராத்தல் எடை தூக்க முடியும்? எத்தனை மணி நேரம் நிற்க முடியும்? சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ள முடியுமா?" என்று எழுத வேண்டும்.

ஒரு மனு என்றால் நிதானமாகச் செய்யலாம். ஒரே சமயத்தில் நூற்றுக்கு மேற்பட்ட மனுக்கள் ஒருவர் கையில் இருப்பது அங்கே சாதாரணம். ஒவ்வொரு மனுவுக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் காத்திருக்கிறது. டெலிபோன் மணி அடிக்கிறது. "ஐயா, வாடகை கட்டி மூன்று மாதம் ஆயிற்று. என் மனு என்ன ஆயிற்று?" என்று ஒரு குரல் கேட்கிறது. அழுகிறவர் உண்டு, திட்டுகிறவர் உண்டு, "இனி உயிரோடு இருந்து என்ன பயன்?" என்று கேட்கிறவரும் உண்டு. அத்தனைக்கும் பதில் சொல்லிவிட்டு, அடுத்த கட்டைப் பிரிக்க வேண்டும். அந்தக் கட்டில் புற்றுநோய் கண்ட ஒரு குழந்தையின் கதை இருக்கலாம். போருக்குப் போய் மனம் உடைந்து திரும்பிய சிப்பாயின் கதை இருக்கலாம்.

இதற்கிடையே மேலதிகாரி கணக்குக் கேட்பார்: இந்த வாரம் எத்தனை முடித்தீர்? வேகமாக முடித்தால் பிழை வரும். பிழை வந்தால் மத்திய அலுவலகம் மனுவைத் திருப்பி அனுப்பும். இன்ஷூரன்ஸ் திட்டத்தில் "பணம் கொடுக்கலாம்" என்று முடிவான மனுக்களில் பாதியையாவது, பணம் போகும் முன் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்பது சட்டம். மெதுவாகச் செய்தாலோ கட்டுகள் மலையாகக் குவியும். இரண்டு பக்கமும் இடி வாங்கும் மத்தளத்தின் கதைதான்!

ஏன் போகிறார்கள்?

வேலையை விட்டுப் போகிறவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியாது. அவர்களில் பலர் கல்லூரிப் படிப்பு முடித்தவர்கள். நன்றாகக் கற்றுக்கொண்டவர்கள். நன்றாகக் கற்றுக்கொண்டதாலேயே வேறு இடங்களில் அவர்களுக்குக் கிராக்கி உண்டு. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கூப்பிடுகின்றன. மத்திய சர்க்காரின் சமூகப் பாதுகாப்பு இலாகாவே கூடுதல் சம்பளத்துக்கு அவர்களில் சிலரை எடுத்துக்கொள்கிறது.

காங்கிரஸின் கணக்கு ஆய்வு அலுவலகம் 2004 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. இதே போன்ற வேலை பார்க்கும் மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர்களைவிட ராஜ்யப் பரிசீலகர்கள் அதிகமாக விலகுகிறார்கள் என்று அது கண்டது. சம்பளக் குறைவு, வேலைப் பளு, போதாத பயிற்சி ஆகியவற்றை அது சுட்டிக் காட்டியது. எச்சரிக்கை மணி அன்றே அடித்தாயிற்று. அதற்கு 18 ஆண்டுகளுக்குப் பிறகுதான் 4-இல் ஒரு பங்கு பேர் விலகிய நிலை வந்தது!

ஒருவர் விலகினால் நஷ்டம் ஒருவரோடு நிற்பதில்லை. அவர் கையிலிருந்த நூறு கட்டுகளும் மீதி இருப்பவர்களின் மேஜைக்குப் போகின்றன. அவர்களுடைய பளு ஏறுகிறது. அவர்களில் ஒருவர் விலகுகிறார். அவருடைய கட்டுகளும் பங்கு போடப்படுகின்றன. புதிய ஆளை எடுத்தாலோ, அவருக்குச் சொல்லிக்கொடுக்க அனுபவசாலி ஒருவர் தம் வேலையை ஒதுக்கி வைக்க வேண்டும். ஆக, ஆள் சேர்த்த உடனே வேலை குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது. இரண்டு ஆண்டு கழித்துப் பலன் வரும் என்று பார்த்தால், அதற்குள் புதியவரும் ராஜினாமாக் கடிதத்தை நீட்டுகிறார். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொண்ட கதை.

மனுதாரருக்கு இதனால் என்ன? கட்டு கை மாறும் ஒவ்வொரு முறையும் புதியவர் முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். முன்னவர் டாக்டரிடம் கேட்ட குறிப்பு வந்ததா இல்லையா என்று தேட வேண்டும். இதற்குள் அந்தக் குறிப்பே பழையதாகி, புதிய குறிப்பு கேட்க நேரிடும். அங்கே ஒருவர் ராஜினாமாச் செய்தால், இங்கே முதுகு முறிந்தவருக்கு இன்னும் சில மாதம் தள்ளிப்போகிறது.

பணம் ஒருவர் கையில், சாவி மற்றவர் கையில்

சம்பளத்தைக் கூட்டிவிட்டால் என்ன? இங்கேதான் அந்தப் பழைய சமரசம் குறுக்கே நிற்கிறது.

இந்த அலுவலகங்களின் செலவு முழுவதையும் மத்திய சர்க்கார் கொடுக்கிறது. நூற்றுக்கு நூறும் அதன் பணம்தான். ஆனால் பரிசீலகர்கள் ராஜ்ய சர்க்காரின் ஊழியர்கள். அவர்களுக்கு எவ்வளவு சம்பளம், எத்தனை பேரை வேலைக்கு எடுப்பது என்பதெல்லாம் ராஜ்யத்தின் விதிப்படி நடக்கிறது. பணம் வைத்திருப்பவர் கையில் சாவி இல்லை. சாவி வைத்திருப்பவருக்குப் பணத்தைப் பற்றிக் கவலை இல்லை.

இதன் விபரீதம் 2009-இல் வெளிப்பட்டது. பொருளாதார நெருக்கடியால் ராஜ்யங்களின் கஜானா வறண்டிருந்த நேரம். செலவைக் குறைக்க, ஊழியர்கள் சம்பளமில்லாமல் சில நாள் வீட்டிலிருக்க வேண்டும் என்று கலிபோர்னியா உட்படப் பல ராஜ்யங்கள் உத்தரவு போட்டன. கலிபோர்னியாவில் மாதம் 3 நாள். அந்த உத்தரவு பரிசீலகர்களையும் பிடித்தது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? பரிசீலகர்களின் சம்பளத்தில் ராஜ்யத்தின் காசு ஒன்றுகூட இல்லை. அவர்களை வீட்டுக்கு அனுப்பியதில் ராஜ்யத்துக்கு ஒரு டாலரும் மிச்சமாகவில்லை. மாறாக, உழைக்க முடியாத தன் குடிமக்களுக்கு மத்திய சர்க்காரிலிருந்து வர வேண்டிய பணத்தை ராஜ்யமே தாமதப்படுத்திக்கொண்டது! அப்போது சமூகப் பாதுகாப்பு இலாகாவின் தலைவராக இருந்த மைக்கேல் ஆஸ்ட்ரூ, பரிசீலகர்களுக்கு விலக்குத் தருமாறு ராஜ்யங்களை வேண்டினார். சில ராஜ்யங்கள் கேட்டன, சில கேட்கவில்லை. வேண்டத்தான் அவரால் முடிந்தது. உத்தரவு போட அவருக்கு அதிகாரம் இல்லை.

இப்படி ஓர் ஏற்பாட்டை எந்தக் குடும்பமாவது வைத்துக்கொள்ளுமா? அண்ணன் பணம் கொடுப்பாராம். தம்பி வேலைக்காரரை வேண்டாம் என்பாராம். பட்டினி கிடப்பது வீட்டுக் கிழவி!

அவசரம் செய்த அநியாயம்

ஆள் குறைவு, வேலை அவசரம் என்பதெல்லாம் அலுவலகத்துக்குள் நடக்கும் விஷயம் என்று நினைத்துவிடக் கூடாது. அவசரத்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா ஒரு முறை அனுபவித்துப் பார்த்திருக்கிறது.

ஏற்கெனவே பணம் வாங்குகிறவர்கள் இன்னும் தகுதியுள்ளவர்கள்தானா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும் என 1980-இல் ஒரு சட்டம் வந்தது. சட்டம் தவறல்ல. குணமானவருக்குப் பணம் எதற்கு? ஆனால் 1981-இல், ஜனாதிபதி ரீகன் ஆட்சியில், அந்த வேலையை மிகுந்த வேகத்தோடு தொடங்கினார்கள். கட்டுக் கட்டாக மனுக்கள் பரிசீலகர்களின் தலையில் இறங்கின. 1984-க்குள் ஏறத்தாழ 5 லட்சம் பேருக்குப் பணம் நிறுத்தப்பட்டது. அவர்களில் மன நோயாளிகள் ஏராளம். மேல் முறையீடு செய்தவர்களில் மிகப் பலருக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. அப்படியானால் அவர்களுக்கு நிறுத்தியதே தவறு என்றுதானே பொருள்?

கடைசியில் பல ராஜ்யங்களே "இந்த அநியாயத்தை இனிச் செய்யமாட்டோம்" என்று மறுத்துவிட்டன. 1984-இல் காங்கிரஸின் இரண்டு சபைகளிலும் ஒருவர்கூட எதிர்க்காமல் ஒரு சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. உடல் நிலை தேறியிருப்பதற்கு ஆதாரம் இருந்தாலொழியப் பொதுவாகப் பணத்தை நிறுத்தக் கூடாது என்று அது சொன்னது. கட்சிச் சண்டை மிகுந்த நாட்டில் ஒரு வாக்குக்கூட எதிராக விழவில்லை என்றால், நடந்த கொடுமை எவ்வளவு பெரியது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

காத்திருப்போர் கதி

இன்று அதே அளவுக்கு மக்கள் நீக்கப்படவில்லை. காத்திருக்க வைக்கப்படுகிறார்கள். 2019-இல் முதல் முடிவு கிடைக்கச் சராசரியாக 4 மாதம் ஆயிற்று. 2024-இல் 7 மாதத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஆண்டு நடுவில் முடிவு காணாமல் தேங்கிய மனுக்கள் 12 லட்சத்தைத் தாண்டின.

முதல் முடிவில் 3 பேரில் ஒருவருக்குச் சற்று அதிகமானோருக்கே பணம் கிடைக்கிறது. மற்றவர்கள் 60 நாளுக்குள் மறு பரிசீலனை கேட்கலாம். அதிலும் தோற்றால் நீதிபதி முன் விசாரணை. அதற்கும் மேலே மேல் முறையீட்டுக் குழு, பிறகு கோர்ட்டு. வெல்ல வேண்டியவர் வெல்வதற்குள் ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. உழைக்க முடியாதவர் அந்த ஆண்டுகளில் எதைச் சாப்பிடுவார்?

கணக்கு ஆய்வு அலுவலகம் 2020-இல் ஒரு கணக்குச் சொன்னது. மேல் முறையீடு செய்துவிட்டு இறுதி முடிவு தெரியும் முன்பே மாண்டவர்கள், 2008 முதல் 2019 வரை, 1,09,725 பேர். 2014 முதல் 2019 வரை ஏறத்தாழ 48 ஆயிரம் பேர், காத்திருந்த காலத்திலேயே கடன் தாங்காமல் திவால் மனுக் கொடுத்தார்கள். 2023-ஆம் நிதி ஆண்டில் மட்டும் முடிவுக்குக் காத்திருந்தபடியே ஏறத்தாழ 30 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று இலாகாவின் தலைவராக இருந்த மார்ட்டின் ஓமாலி 2024-இல் காங்கிரஸிடம் சொன்னார்.

இறந்தவர்களில் எல்லோரும் தாமதத்தால் இறந்தவர்கள் என்று சொல்ல முடியாது. நோயாளிகள்தானே மனுப் போடுகிறார்கள்? ஆனால் ஒன்று உறுதி. கடைசி நாட்களில் அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய நிம்மதி கிடைக்கவில்லை. 

கொடிய நோயாளிகளை உடனே கண்டுபிடித்து முன்னால் தள்ள ஓர் ஏற்பாடு 2008-இல் தொடங்கியது. முதலில் 50 நோய்கள். இப்போது 250-க்கு மேல். அந்தப் பட்டியலில் உள்ளவர்களுக்குச் சில வாரத்தில்கூட முடிவு கிடைக்கிறது. நல்ல ஏற்பாடு. 2025-இல் தேங்கிய மனுக்களும் 10 லட்சத்துக்குக் கீழே இறங்கின. அதுவும் நல்ல செய்தியே. ஆனால் குவியல் குறைந்தால் மட்டும் போதாது. சரியாகப் பார்த்துக் குறைத்தார்களா, அவசரமாகத் தள்ளிக் குறைத்தார்களா என்பதுதான் கேள்வி. அதற்கு விடை மேஜையில் உட்கார்ந்திருப்பவர் பழகியவரா, நேற்று வந்தவரா என்பதைப் பொறுத்தது.

இரண்டு ஆட்சேபங்கள்

"பரிசீலகர்களுக்குச் சலுகை காட்டினால் பொய் மனுக்காரர்கள் பெருகிவிடுவார்கள்" என்று சிலர் சொல்கிறார்கள். உண்மை நேர்மாறானது. பொய்யைக் கண்டுபிடிக்க அனுபவம் வேண்டும். ஆயிரம் குறிப்புகளைப் படித்தவருக்குத்தான், எந்தக் குறிப்பு உடம்போடு ஒட்டவில்லை என்று தெரியும். புதியவருக்குத் தெரியாது. அவர் பொய்யனுக்குக் கொடுத்துவிடுவார். உண்மையான நோயாளியைத் தள்ளிவிடுவார். வரி கொடுப்போர் பணத்துக்குக் காவல் பழகிய பரிசீலகரே. ஏழை மனுதாரருக்குக் காவலும் அவரே.

"கம்ப்யூட்டரிடம் விட்டுவிடலாமே" என்று வேறு சிலர் கேட்கிறார்கள். நூற்றுக்கணக்கான பக்கங்களில் வேண்டிய சொல்லைத் தேடிக் கொடுக்கக் கம்ப்யூட்டர் உதவுகிறது. உதவட்டும். ஆனால் கம்ப்யூட்டரும் சுலபமாக வந்துவிடவில்லை. எல்லா ராஜ்யங்களுக்கும் ஒரே முறையை அமைக்கிறோம் என்று தொடங்கி, 2014-க்குள் 30 கோடி டாலருக்குச் சற்றுக் குறைவாகச் செலவழித்தும் பலன் வராமல், மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். மேலும், வலி எவ்வளவு என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? ஒரே மாதிரி எக்ஸ்ரே உள்ள இரண்டு பேரில் ஒருவர் எழுந்து நடப்பார், மற்றவரால் முடியாது. அந்த வித்தியாசத்தை எடைபோட மனிதர்தான் வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

வழி இல்லாமல் இல்லை.

முதலாவது, பணம் கொடுப்பவர் கையில் சாவியும் இருக்க வேண்டும். முழுச் செலவையும் ஏற்கும் மத்திய சர்க்கார், தன் ஊழியருக்குக் கொடுப்பதற்குச் சமமான சம்பளத்தைப் பரிசீலகருக்கும் கொடுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதலாம். ராஜ்யத்தில் ஆள் எடுப்பது நிறுத்தப்பட்டாலும் இந்த அலுவலகங்களுக்கு அது பொருந்தாது என்றும் எழுதலாம்.

இரண்டாவது, ஒருவர் கையில் இத்தனை மனுக்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வேண்டும். லாரிக்கே பாரத்துக்கு வரம்பு வைக்கிறோம். மனிதருக்கு வேண்டாமா?

மூன்றாவது, சொல்லிக்கொடுக்கும் அனுபவசாலிகளுக்கு அந்தக் காலத்தில் கட்டுகளைக் குறைக்க வேண்டும். புதியவர் இரண்டு ஆண்டு தாக்குப் பிடித்தால்தான் அலுவலகத்துக்கு லாபம்.

நான்காவது, எத்தனை முடித்தார் என்பதோடு, எத்தனை சரியாக முடித்தார் என்றும் கணக்குப் பார்க்க வேண்டும். தள்ளிய மனுக்களையும், கொடுத்த மனுக்களைப் போலவே கவனமாகச் சரிபார்க்க வேண்டும். 

இவற்றுக்கெல்லாம் பணம் செலவாகும் என்பது உண்மை. ஆனால் 2 ஆண்டு பயிற்சி கொடுத்த ஆளை இழந்து, மறுபடி 2 ஆண்டு பயிற்சி கொடுப்பதற்கும் பணம் செலவாகிறது. தவறாகத் தள்ளிய மனுவை நீதிபதி வரையில் கொண்டுபோய்த் திருத்துவதற்கும் பணம் செலவாகிறது. இந்தச் செலவுகள் தினமும் நடக்கின்றன. கண்ணுக்குத் தெரியவில்லை; அவ்வளவுதான்.

ஒரு சர்க்கார் ஏழைக்குக் கொடுத்த வாக்கு சட்டப் புத்தகத்தில் நிறைவேறுவதில்லை. அது ஒரு மேஜையில், ஓர் உத்தியோகஸ்தரின் கையெழுத்தில் நிறைவேறுகிறது. அந்த உத்தியோகஸ்தரைத் தேய்ந்த செருப்பைப் போல மாற்றிக்கொண்டே இருந்தால், வாக்கும் தேய்ந்துதான் போகும். 1956-இல் இரண்டு வாக்கு வித்தியாசத்தில் பிழைத்த சட்டம் அது. 60 ஆண்டுகளுக்கு மேலாகக் கோடிக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அதை எதிரிகள் அழிக்கவில்லை. கவனிப்பாரற்ற மேஜைகள் அதை அழித்துவிடாமல் பார்த்துக்கொள்வது அமெரிக்க மக்களின் பொறுப்பு.

நோயாளியைப் பற்றிக் கவலைப்படுகிற நாடு, நோயாளியின் மனுவைப் படிக்கிறவரைப் பற்றியும் கவலைப்பட வேண்டும்.